கொப்பிக்கு முன் ஈர்க்குக் கட்டு: ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வழி

மகள் தரம் மூன்றில் முதலாம் தவணைக்குக் கணிதத்தில் 31 புள்ளி எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த அறிக்கையில் கையெழுத்து வைத்த நாளிலிருந்து ஏழு மாதம் நான் செய்ததெல்லாம் பிழை. மாதம் 1,500 ரூபாய்க்கு ரியூசன், கடையில் கண்ட பயிற்சிப் புத்தகம் நான்கு, இரவு எட்டு மணிக்கு மேல் என்னுடைய கத்தல், அவளுடைய அழுகை. "கழித்தல் வருகுதில்லை" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஐப்பசி மழையில் கரண்ட் போன ஒரு பின்னேரம் சும்மா கேட்டேன்: "நூற்று ஏழு எழுதிக் காட்டு பாப்பம்." அவள் 1007 என்று எழுதினாள். நூறு என்றால் 100, பக்கத்தில் ஒரு ஏழு, சரிதானே என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நாங்கள் ஏழு மாதம் மல்லுக்கட்டியது கழித்தலோடு இல்லை. அதற்கு இரண்டு படி கீழே ஒரு பலகை உடைந்திருந்தது, நான் மேலே நின்று ஏறு ஏறு என்று கத்திக்கொண்டிருந்தேன்.

வன்னியில் என் வயதுக்காரர் பலர் போரில் இடம்பெயர்ந்து ஆரம்ப வகுப்பையே நாலைந்து ஊரில், மரத்தடியிலும் கொட்டிலிலும் படித்தவர்கள். "எனக்கே கணக்கு வராது, பிள்ளைக்கு என்னத்தைச் சொல்ல" என்று ஒதுங்கிவிடாதீர்கள். தரம் ஐந்து வரையான கணக்குக்கு உங்களுக்குத் தேவையான படிப்பு, கடையில் மிச்சக் காசு எண்ணி வாங்கத் தெரிவதுதான்.

1. எங்கே உடைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்

ஒரு பின்னேரம் போதும், செலவில்லை. கீழே உள்ளதை வரிசையாகக் கேளுங்கள். பரீட்சை மாதிரி இருக்கக்கூடாது. விறாந்தையில் இருந்து கதைப்பதுபோல் இருக்க வேண்டும்.

அ) இருபது புளியங்கொட்டையை எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடிந்ததும் அவற்றைப் பரப்பிவிட்டு, "இப்ப எத்தனை?" என்று கேளுங்கள். திரும்ப முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால் பிள்ளைக்கு எண் இன்னும் பாட்டாகத்தான் இருக்கிறது, அளவாகவில்லை.
ஆ) ஆறோடு இன்னும் எத்தனை சேர்த்தால் பத்து?
இ) 8 + 5.
ஈ) எழுதச் சொல்ல வேண்டியவை: பதினேழு, எழுபத்தொன்று, தொண்ணூறு, நூற்று ஏழு, தொள்ளாயிரம்.
உ) 52 – 27.
ஊ) நாலு தட்டு, தட்டுக்கு மூன்று வடை, எல்லாமாக எத்தனை?

பிள்ளை முதலில் எதில் தடக்குகிறதோ அதில் நிறுத்திவிடுங்கள். அதுதான் நீங்கள் தொடங்க வேண்டிய இடம். தரம் நான்கு பிள்ளை 'ஆ'வில் தடக்கினால் 'ஆ'விலேயே தொடங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்றைக்கு எதையும் திருத்தவும் வேண்டாம். பிழையான விடைக்கு முகம் சுளித்தால் அடுத்த கேள்விக்கு உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் விடை வரும்.

52 – 27க்கு 35 என்று விடை வந்தால் அது கவனயீனம் இல்லை. ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது. "சின்னதைப் பெரிசில இருந்து கழிக்கிறது" என்று அது தனக்கு ஒரு விதி வைத்திருக்கிறது. "எப்படிச் செய்தனீ?" என்று கேட்டால் அந்த விதியைத் தானே சொல்லும். இந்த ஒரு கேள்வி நான்கு பயிற்சிப் புத்தகத்துக்குச் சமன்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

காகிதங்கள்: பள்ளிக்கூடம் தந்த கணிதப் பாடநூல், போன தரத்துப் பாடநூல், கடைசி இரண்டு தவணையின் தேர்ச்சி அறிக்கை, திருத்தித் தந்த வினாத்தாள்கள். வினாத்தாளை எறிந்துவிடாதீர்கள். புள்ளியில் ஒன்றும் தெரியாது. எந்த மாதிரிக் கணக்கில் சிவப்புக் கோடு விழுந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

போன தரத்துப் புத்தகம் தொலைந்துவிட்டதா? கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் அரச பாடநூல்கள் தமிழில் இலவசமாக இருக்கின்றன. தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஆசிரியர் வழிகாட்டிகள் இருக்கின்றன. ரீச்சர்மார் படிக்கிற அந்த வழிகாட்டியில்தான் ஒவ்வொரு பாடத்தையும் எந்தப் பொருளை வைத்து எப்படித் தொடங்குவது என்று போட்டிருக்கிறது. போனில் இறக்கிவைத்து, வேண்டிய பக்கத்தை மட்டும் பிரதி எடுங்கள்.

பொருட்கள்: தென்னோலை ஈர்க்கு முந்நூறு, ஒரு சாண் நீளத்துக்கு ஒரே அளவாக வெட்டியது. ரப்பர் பாண்ட் ஒரு பக்கற். புளியங்கொட்டை ஒரு சுண்டு. பழைய கலண்டர் மட்டை. சதுரக் கொப்பி ஒன்று. ஒரு சதுரத்துக்கு ஓர் இலக்கம் என்று எழுதினால் பத்தும் ஒன்றும் தத்தம் இடத்தில் நிற்கும். எனக்கு எல்லாமாக 600 ரூபாய்க்குள் முடிந்தது. அதில் பெரும்பங்கு கொப்பிக்குத்தான்.

கவனம்: எண்ணுவதற்குக் குன்றிமணி கொடுக்காதீர்கள். பார்க்க அழகு, ஆனால் நஞ்சு. வீட்டில் தவழுகிற சின்னது இருந்தால் புளியங்கொட்டையும் எட்டாத இடத்தில் இருக்கட்டும், தொண்டையில் சிக்கும்.

வாங்கத் தேவையில்லாதவை: ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் மனக்கணித வகுப்பு, பளபளக்கும் பயிற்சிப் புத்தகம். நான் வாங்கிய நான்கில் மூன்று தரம் ஐந்து புலமைப்பரிசில் மாதிரி வினாக்கள். தரம் மூன்று பிள்ளைக்கு அதை ஏன் விற்றார்கள் என்பதைவிட நான் ஏன் வாங்கினேன் என்பதுதான் கேள்வி.

போனில் வீடியோ பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். தமிழ்நாட்டு வீடியோக்களில் நல்லவை நிறைய உண்டு, ஆனால் சொற்கள் வேறு. அங்கே இடமதிப்பு, எங்கள் புத்தகத்தில் இடப்பெறுமானம். அங்கே முக்கோணம், இங்கே முக்கோணி. நீங்கள் முதலில் பார்த்து, எங்கள் சொல்லில் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

3. பத்தைக் கையில் பிடியுங்கள் (இரண்டு கிழமை)

ஒன்றும் ஒன்பதும், இரண்டும் எட்டும், மூன்றும் ஏழும், நாலும் ஆறும், ஐந்தும் ஐந்தும். இந்த ஐந்து சோடி நித்திரையில் கேட்டாலும் வரவேண்டும். இது வந்துவிட்டால் 8 + 5ஐ பிள்ளை எண்ணாது. எட்டுக்கு இரண்டு கொடுத்துப் பத்தாக்கி, மிச்சம் மூன்றைச் சேர்த்துப் பதின்மூன்று என்று சொல்லும்.

எங்கள் வீட்டில் இது விளையாட்டாகத்தான் வந்தது. பத்துப் புளியங்கொட்டையை எடுத்து, சிலவற்றைக் கைக்குள் பொத்தி, மிச்சத்தைக் காட்டுவது. "வெளியில நாலு. கைக்குள்ள?" சரியாகச் சொன்னால் அடுத்த முறை அவள் பொத்துவாள், நான் சொல்லவேண்டும். நான் வேண்டுமென்றே சில தடவை பிழை விட்டேன். என் பிழையைப் பிடிப்பதில் அவளுக்கிருந்த சந்தோசம் எந்தப் பரிசிலும் வராது.

விரலில் எண்ணுவதைத் தடுக்காதீர்கள். மேசைக்குக் கீழே கையை ஒளித்து எண்ணப் பழகிவிட்டால் என்ன செய்கிறது என்றே உங்களுக்குத் தெரியாமல் போகும். சோடிகள் மனதில் ஏறினால் விரல் தானாக விழுந்துவிடும்.

4. இடப்பெறுமானம்: அவசரப்படாத இடம் இது (நான்கு முதல் ஆறு கிழமை)

எல்லாக் கணக்கும் இதன் மேல்தான் நிற்கிறது. எங்கள் மொழியே இங்கே பிள்ளைக்கு ஒரு சின்னப் பொறி வைத்திருக்கிறது, பெரியவர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு கேட்கிறது. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் கேட்கிறது. பிள்ளை 90க்குப் பதிலாக 900 எழுதினால் மக்கு இல்லை, காதில் கேட்டதை எழுதியிருக்கிறது. பதினேழும் எழுபதும் அப்படித்தான், இரண்டிலும் ஏழு ஒலிக்கிறது.

நான் செய்தது: இரண்டு கிழமைக்கு எல்லா எண்ணுக்கும் இரண்டு பெயர். ஒன்று ஊர்ப் பெயர், மற்றது கட்டுப் பெயர். நாற்பத்தேழு, "நாலு பத்து, ஏழு". தொண்ணூறு, "ஒன்பது பத்து". தொள்ளாயிரம், "ஒன்பது நூறு". பஸ்ஸில் போகும்போது ஏ9 வீதியோரக் கிலோமீற்றர்க் கல்லைப் பார்த்து இரண்டு பெயரையும் சொல்லுவோம். அம்மம்மாவுக்கு இது முதலில் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. பிறகு அவவும் சேர்ந்துவிட்டா.

இதோடு ஈர்க்கு. பத்து ஈர்க்கை எண்ணி ரப்பர் பாண்ட் போட்டால் ஒரு கட்டு. பிள்ளையே எண்ணிக் கட்டவேண்டும், நீங்கள் கட்டிவைத்துக் கொடுத்தால் பலனில்லை. பத்துக் கட்டைச் சேர்த்துப் பெரிய கட்டு போட்டால் நூறு. இப்போது "முப்பத்தாறு கொண்டா" என்றால் மூன்று கட்டும் ஆறு உதிரியும் வரவேண்டும். முதல் நாள் மகள் முப்பத்தாறையும் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள். பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் கட்டாகத் தூக்கினாள்.

1007 போனது கலண்டர் மட்டையால். 100, 200 என்பவற்றை மூன்று விரல் அகல மட்டையிலும், 10, 20 என்பவற்றை இரண்டு விரல் அகலத்திலும், 1 முதல் 9 வரை ஒரு விரல் அகலத்திலும் எழுதினோம், ஓர் இலக்கத்துக்கு ஒரு விரல். நூற்று ஏழு என்றால் 100 மட்டையின் வலது ஓரத்தில் 7 மட்டையை மேலே வைக்கவேண்டும். கடைசிச் சைபர் மறைந்து 107 தெரியும். "அந்தச் சைபர் எங்க போனது?" என்று கேட்டேன். 7ஐத் தூக்கிப் பார்த்தாள், திரும்ப வைத்தாள், திரும்பத் தூக்கினாள். "ஏழு அதுக்கு மேல இருக்குது" என்றாள். அதற்குப் பிறகு ஒருநாளும் 1007 வரவில்லை.

காசும் நல்ல கருவி. ஒரு ரூபாய்க் குற்றி, பத்து ரூபாய்க் குற்றி, நூறு ரூபாய்த் தாள், இந்த மூன்று மட்டும் எடுங்கள். பத்து ஒன்றைக் கொடுத்து ஒரு பத்து மாற்றுவது, பத்துப் பத்தைக் கொடுத்து நூறு மாற்றுவது, அப்படியே திருப்பி உடைப்பது. இருபதையும் ஐம்பதையும் தொடக்கத்தில் கலக்காதீர்கள், குழப்பும். ஒரு ரூபாய்க் குற்றி தேடுவதுதான் பாடு. மிச்சத்துக்குக் கடைக்காரர் டொபி தருகிற காலம்.

5. கூட்டலும் கழித்தலும்: கட்டை அவிழ்க்க விடுங்கள்

கூட்டல் அநேகமாகத் தானாக வரும். உதிரி பத்தைத் தாண்டினால் கட்டவேண்டும், அவ்வளவுதான்.

கழித்தலைச் சற்று நின்று பார்ப்போம். 52இலிருந்து 27. ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் பாயில் கிடக்கின்றன. "இருபத்தேழு எனக்குத் தா." இரண்டு கட்டைத் தந்தாள். ஏழு உதிரிக்குக் கையை நீட்டினேன். இரண்டுதான் இருக்கிறது. என் முகத்தைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள். சொல்லிக்கொடுக்க வாய் துடித்தது. எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். வரும்போது ஒரு கட்டின் ரப்பர் பாண்ட் அவள் பெருவிரலில் கிடந்தது. ஏழைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து.

அதன் பிறகுதான் கொப்பி. கட்டை அவிழ்க்கிற அதே நேரம் 5ஐ வெட்டி 4 எழுதுவது, 2ஐ 12 ஆக்குவது. கையும் பென்சிலும் ஒன்றாகப் போகவேண்டும். ஒரு கிழமை இரண்டையும் செய்து, பிறகு ஈர்க்கை எடுத்துவிடுங்கள். தடக்கினால் திரும்பக் கொண்டுவாருங்கள்.

இதைக் "கடன் வாங்குதல்" என்று சொல்லிக்கொடுத்தபோது மகள் கேட்டாள்: "எப்ப திருப்பிக் குடுக்கிறது?" அந்தக் கேள்வி நியாயமானது. எங்கள் வீட்டில் அதன் பெயர் கட்டு அவிழ்த்தல். பள்ளிக்கூடத்தில் என்ன சொல் பாவிக்கிறார்கள் என்று ரீச்சரிடம் கேட்டு அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பொறி: சைபர் உள்ள எண்கள். 300 – 147இல் பத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. பெரிய கட்டு ஒன்றை அவிழ்த்துப் பத்துச் சின்னக் கட்டாக்கி, அதில் ஒன்றை அவிழ்த்துப் பத்து ஈர்க்காக்க வேண்டும். பாயில் இரண்டு தடவை செய்து பார்த்த பிள்ளைக்கு இது ஒரு கதை மாதிரி ஞாபகம் நிற்கும். செய்யாத பிள்ளைக்கு அது வெட்டலும் கிறுக்கலும்தான்.

அம்மம்மாவின் முறை ஒன்றும் இருக்கிறது. அவ ஒருநாளும் கழிப்பதில்லை. 37 ரூபாய்ச் சாமானுக்கு 100 கொடுத்தால், "முப்பத்தேழு, மூண்டு நாற்பது, அறுபது நூறு" என்று ஏறிப்போய் 63 என்பா. 500இலிருந்து 165? ஐந்து கொடுத்து 170, முப்பது கொடுத்து 200, முந்நூறு கொடுத்து 500, ஆக 335. மனக்கணக்குக்கு இதைவிட லேசான வழி எனக்குத் தெரியாது. பரீட்சைத் தாளில் ரீச்சர் கேட்கிற முறையில் எழுதட்டும், விடை சரியா என்று இந்த முறையில் பார்க்கட்டும்.

6. வாய்பாடு: நூறு இல்லை, பத்துத்தான்

மட்டையில் அச்சடித்த வாய்பாட்டைச் சுவரில் ஒட்டிவிட்டு விடிய எழும்பியதும் பாடச் சொல்வதுதான் வழமை. பாடும். "ஏழெட்டு?" என்று நடுவில் கேட்டால் ஏழொன்றிலிருந்து தொடங்கும்.

முதலில் பெருக்கல் என்றால் என்ன என்று தோட்டத்தில் காட்டுங்கள். நாலு வரிசை, வரிசைக்கு ஏழு மிளகாய்க் கன்று. வரம்பின் இந்தப் பக்கம் நின்றால் நாலு ஏழு, மற்றப் பக்கம் போய் நின்றால் ஏழு நாலு. கன்று அதேதான், 28. இது விளங்கியதும் பாரம் பாதியாகிவிடும்.

ஒன்றாம், பத்தாம் வாய்பாட்டுக்குப் பாடமே தேவையில்லை. இரண்டு, இரட்டிப்பு. ஐந்து, மணிக்கூட்டில் பெரிய முள். நாலு, இரண்டாம் வாய்பாட்டின் இரட்டிப்பு. ஒன்பதுக்குப் பத்து விரல் போதும்: ஒன்பது நாலு என்றால் இடமிருந்து நாலாவது விரலை மடக்குங்கள், இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஆறு, 36. இவ்வளவும் போக உண்மையாக மனனம் செய்யவேண்டியவை பத்தே பத்துத்தான்: 3×3, 3×6, 3×7, 3×8, 6×6, 6×7, 6×8, 7×7, 7×8, 8×8. பத்துத் துண்டு மட்டை, கிழமைக்கு இரண்டு. ஐந்து கிழமையில் முடியும்.

மூன்றாம் வாய்பாட்டுக்கு நுங்குக் காலம் நல்லது. மூன்று கண் நுங்கு ஏழு வெட்டினால் எத்தனை கண்? இரண்டு கண் உள்ளதும் இடையில் வரும், அப்போது கணக்கு இன்னும் சுவாரசியமாகும்.

வகுத்தலைத் தனிப்பாடமாக எடுக்காதீர்கள். 23 கன்று, வரிசைக்கு 6 நட்டால் எத்தனை வரிசை, கையில் எத்தனை மிச்சம்? மூன்று வரிசை, ஐந்து மிச்சம். மிச்சம் ஆறோ அதற்கு மேலோ வந்தால் இன்னொரு வரிசை நடலாம் என்பது நாற்றுமேடையில் நின்ற பிள்ளைக்குச் சொல்லாமலே தெரியும்.

7. பின்னம்

எங்களுக்கு இது லேசு. அரை, கால், முக்கால் எல்லாம் வீட்டுச் சொல். கால் கிலோ பருப்பு, அரைப் போத்தல் எண்ணெய். ரொட்டியை வெட்டிக் காட்டுங்கள், ஆனால் துண்டுகள் சமனாக இருக்கட்டும். "பெரிய அரை எனக்கு" என்று கேட்கும் பிள்ளைக்கு அரை இன்னும் விளங்கவில்லை. வழமையான பிழை, 3ஐவிட 4 பெரிது என்பதால் மூன்றிலொன்றைவிட நாலிலொன்று பெரிது என்று நினைப்பது. ஒரே அளவு ரொட்டி இரண்டில் ஒன்றை மூன்றுபேருக்கும் மற்றதை நாலுபேருக்கும் பங்கிட்டால் போதும், வயிறு சொல்லிக்கொடுக்கும்.

8. வசனக் கணக்கு

"மிச்சம் என்று வந்தால் கழி, எல்லாமாக என்று வந்தால் கூட்டு" என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். நான் சொல்லிக்கொடுத்தேன், வினையாகப் போனது. இதைப் பாருங்கள்: பரந்தன் சந்தியில் பஸ்ஸிலிருந்து 9 பேர் இறங்கினார்கள், மிச்சம் 23 பேர், முதலில் எத்தனை பேர் இருந்தார்கள்? மிச்சம் என்று இருக்கிறது, ஆனால் கூட்டவேண்டும், 32. இன்னொன்று: அக்காவிடம் 8 மாங்காய், அது தம்பியிடம் இருப்பதைவிட 3 கூட, தம்பியிடம் எத்தனை? கூட என்று இருக்கிறது, விடை 5.

வசனத்தை இரண்டு தரம் வாசித்து, படம் கீறி, அல்லது கொட்டையை வைத்து நடித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு எண். வாசிப்பே தடக்கினால் அது தமிழ்ப் பாடத்துச் சிக்கல், அதைத் தனியாகப் பாருங்கள்.

சமன் குறியையும் ஒருக்கால் சோதியுங்கள். 3 + 4 = ☐ + 2. பெட்டிக்குள் 7 எழுதினால், பிள்ளைக்குச் சமன் என்றால் "இனி விடை எழுது" என்று அர்த்தம். தராசு போல இரண்டு பக்கமும் ஒன்றாக நிற்கவேண்டும் என்று இரண்டு தட்டில் கொட்டை வைத்துக் காட்டுங்கள்.

9. நேரமும் காலமும்

நாளுக்குப் பதினைந்து நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள். அதற்கு மேல் நீட்டாதீர்கள், பிள்ளை கேட்டாலும். குளித்து, தேத்தண்ணி குடித்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன் முடித்துவிடுங்கள். இரவு எட்டு மணிக் கணக்கு கண்ணீரில்தான் முடியும்.

தோட்டம், வயல் செய்கிறவர்களுக்கு ஒரு சிக்கல். பள்ளி ஆண்டு தொடங்குவது தையை ஒட்டி, காலபோக அறுவடையும் அப்போதுதான். புதுத் தரத்தின் முதல் பாடங்கள் நடக்கிற நேரம் வீட்டில் பெரியவர்கள் இருக்கமாட்டார்கள். அதனால் பின்தங்கிய பாடத்தை மார்கழி விடுமுறையில், மழைக்கு வீட்டுக்குள் இருக்கிற நாட்களில் பிடித்துவிடுங்கள். அறுவடை மாதத்தில் பொறுப்பை அம்மம்மாவிடமோ அக்காவிடமோ கொடுங்கள், புதிதாக ஒன்றும் வேண்டாம், பத்துச் சோடி விளையாட்டு மட்டும் போதும்.

ஒரு படி ஏற எத்தனை நாள் என்று நான் மேலே எழுதியது என் மகளின் கணக்கு. சில பிள்ளைக்கு அரைவாசி, சிலதுக்கு இரட்டிப்பு. ஐந்து கேள்வியில் நாலு சரியென்றால், அதுவும் அடுத்த கிழமையும் அப்படியே என்றால், அடுத்த படிக்குப் போகலாம்.

தரம் ஐந்துப் புலமைப்பரிசில் கடந்தகால வினாத்தாள்களை அதற்கு முந்திய தரங்களில் கையில் எடுக்காதீர்கள். தரம் ஐந்தில் எடுக்கும்போதும் முதலில் மணிக்கூடு இல்லாமல்.

10. வெளியே உதவி கேட்க வேண்டியபோது

வகுப்பு ரீச்சரிடம் போகும்போது "கணக்கு வருகுதில்லை" என்று சொல்லாதீர்கள், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய ஏலாது. "நூறுக்கு மேல் எழுதுவதில் பிழை விடுகிறா, வீட்டில் ஈர்க்குக் கட்டு வைத்துச் செய்கிறம்" என்று சொல்லுங்கள். கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். பெற்றோர் கூட்ட நாளில் வேண்டாம், வரிசை நீளம். பள்ளி விட்ட பிறகு பத்து நிமிடம் கேளுங்கள்.

இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தும் ஒரு படியும் நகரவில்லை என்றால், அல்லது பலகையில் இருப்பதைப் பிழையாக எழுதிக்கொண்டு வந்தால், முதலில் கண்ணையும் காதையும் பாருங்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் 8ஐ 3 என்று எழுதி ஒரு வருடம் அடி வாங்கினான்; கண்ணாடி போட்டதும் சரியாகிவிட்டது. பள்ளிக்கூட மருத்துவப் பரிசோதனை தரம் 1இலும் 4இலும் வரும், அன்றைக்குப் பிள்ளையை மறிக்காதீர்கள். இடையில் என்றால் அரச வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் காட்டி, கண் கிளினிக்குக்குத் துண்டு வாங்குங்கள். பரிசோதனைக்குக் காசு கட்டத் தேவையில்லை, கண்ணாடியை வெளியில் வாங்க வேண்டிவரலாம். பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேடு, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, எண்களைப் பிழையாக எழுதிய கொப்பி, இந்த மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வெள்ளனவே போங்கள். நேரம் போகும், பத்துப் புளியங்கொட்டையையும் அதே பையில் போட்டால் வாங்கிலில் இருந்து விளையாடலாம்.